பாய் கட்டிய அறை

செம்பு கையிலிருந்து வழுக்கியது. சீமெந்துத் தரையில் விழுந்து, துள்ளி, விளிம்பால் சுற்றிச் சுற்றி உருண்டு, சுவரோரத்தில் போய் ஆடியது. சிந்திய தண்ணீர் அன்னப்பூரணியின் பாதங்களை நனைத்தது. அவள் தோளைக் குறுக்கி, கண்ணை இறுக மூடி, வரப்போகும் சத்தத்துக்காக நின்றாள். பித்தளைச் செம்பு விழுந்தால் பக்கத்து வளவுக் கோழிகள்கூட எழும்பிப் பறக்கும். ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தாள். செம்பு இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது, ஊமையாக.

அறைக்குள் விழுந்திருந்தால் அவள் திடுக்கிட்டிருக்க மாட்டாள். சத்தம் கேட்கக் கூடாது என்றுதானே அந்த அறையை அப்படி ஆக்கினாள். ஆனால் இது அறைக்கு வெளியே, குசினிக்குப் போகிற நடை. அறைக் கதவும் சாத்தியிருந்தது.

குனிந்து செம்பை எடுத்து நகத்தால் தட்டினாள். விரலுக்கு அதிர்வு வந்தது. காதுக்கு வரவில்லை. களைப்பு என்று நினைத்தாள். கொஞ்சக் காலமாக எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான் அவளிடம் இருந்தது. சோறு அடிப்பிடித்தால் களைப்பு, பேசிக்கொண்டிருக்கையில் அழுகை வந்தால் களைப்பு. செம்பை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தண்ணீரைத் துடைத்தாள்.

அவளுடைய புருஷன் கோணாமலை நெல் ஆலையில் இஞ்சின் பார்த்தவன். போன மாரிக்கு முந்தி, துறையடியில் வைத்து ஆமி அவனைப் பிடித்துக்கொண்டு போனது. வயல் வட்டையெல்லாம் வேளாண்மை வெட்டி முடிகிற நேரத்தில் விட்டார்கள். கையும் காலும் முழுதாகத்தான் வந்தான். ஊரில் பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை என்பதால் அவள் ஒருவரிடமும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவனுக்குள் சத்தத்தைத் தாங்குகிற ஏதோவொன்றை அங்கே எடுத்துவிட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள். பக்கத்து வீட்டில் உலக்கை போட்டால், வேலிக்கு அப்பால் தேங்காய் விழுந்தால், ஒருவர் சைக்கிளை நிறுத்தி ஸ்டாண்டைக் காலால் தட்டினால் போதும். அலறிக்கொண்டு எழும்பி ஓடுவான். ஓடுவதும் ஒரே திசைதான். பின்வளவைத் தாண்டி, கண்டல் பற்றைகளைத் தாண்டி, வாவிக்கரையின் வெட்டைக்கு.

அக்கரையில் ஆமி முகாம். வெட்டையில் ஆள் ஓடினால் அங்கிருந்து தெரியும்.

அப்படி ஓடிய ஒரு தடவை அவன் தலைக்கு மேலால் சூடு போனது. தேத்தண்ணிக் கடை வினாயகமூர்த்தி சேற்றில் தவழ்ந்துபோய்க் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டு, சேறு காயாத கையோடு முற்றத்தில் நின்று சொன்னார்.

“தங்கச்சி, அவங்கள் மேலால சுட்டது நமக்குப் பாடம் படிப்பிக்கத்தான். இன்னொரு தரம் ஓடினா மேலால சுட மாட்டானுகள்.”

அதற்குப் பிறகு அவளுக்கு வேறு யோசனையே இல்லை. அவன் காதில் சத்தம் விழக் கூடாது. விழுந்தால் ஓடுவான். ஓடினால் சாவான். ஊராரிடம் போய் நெல் குத்தாதே, பிள்ளையை அதட்டாதே என்று கேட்க முடியுமா? அறையைத்தான் அடைக்க முடியும்.

வழி கோணாமலை செய்த வேலையில்தான் கிடைத்தது. ஆலை முதலாளியின் வீடு இஞ்சின் அறைக்கு அடுத்தது. அவருக்குப் பகல் நித்திரை வேண்டும் என்பதற்காக இடைச்சுவர் நெடுகிலும் உமி மூட்டைகளை அடுக்கி வைத்தது கோணாமலைதான். அன்னப்பூரணியும் அப்படியே செய்தாள். சாக்குகளில் உமியை நெருக்கித் திணித்து, வாயைத் தைத்து, நாலு சுவரிலும் ஆளுயரத்துக்கு அடுக்கினாள். யன்னலுக்குப் பலகை அடித்து, இடுக்குகளில் தேங்காய்த் தும்பை விரலால் குத்திக் குத்தி அடைத்தாள். ஆணி அடிக்கிற நேரமெல்லாம் வினாயகமூர்த்தி கோணாமலையைத் தன் கடையில் பிடித்து வைத்திருந்தார். அறை உமி மணத்தது, மூக்கரித்தது. அப்படியும் சத்தம் சுவருக்கு மேலே, ஓட்டுக்கும் வளைமரத்துக்கும் இடையால் தண்ணீர் மாதிரி இறங்கியது. மேலே வலையொன்றை இழுத்துக் கட்டி, அதன் மேல் மெத்தென்று எதையாவது பரப்ப வேண்டும். முந்தியென்றால் காத்தான்குடியிலிருந்து உசனார் காக்கா இலவம்பஞ்சு மூட்டையோடு சைக்கிளில் வருவார். இந்தப் பக்கத்துத் தலையணை மெத்தையெல்லாம் அவர் தைத்தவைதான். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பகை மூண்ட பிறகு இப்போது அந்தப் பாதையும் இல்லை, அந்தப் பழக்கமும் இல்லை.

அப்போதுதான் பாய்களின் நினைவு வந்தது.

ஒருவர் செத்தால் அவர் கிடந்த பாயையும் தலையணையையும் அன்றைக்கே வளவுக்கு வெளியே கொண்டுபோய்விடுவது வழக்கம். வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த வருடம் ஊரில் அநேகம் பேர் சாகவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. பிடித்துக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். அவர்களுடைய பாயை வெளியே போட்டால் செத்துப்போனார் என்று தாயே சொன்ன மாதிரி. அதில் வேறொருவர் படுக்கவும் மனம் வராது. ஆகவே அவை வீட்டுக்கு வீடு, சுருட்டிக் கயிறு கட்டி, மூலையில் நிமிர்ந்து நின்றன. அந்த மூலையைப் பாராமல் நடக்க வீட்டார் பழகியிருந்தார்கள்.

அன்னப்பூரணி ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டாள். திட்டுவார்கள் என்று பயந்துதான் போனாள். ஒருவரும் திட்டவில்லை. ஒரு சாவும் சொல்லாமல் அந்தப் பாய்ச்சுருள் கண்ணை விட்டுப் போகிறதென்றால் போகட்டும் என்ற முகத்தோடு எடுத்துக் கொடுத்தார்கள். புற்பாய்கள், எண்ணெய்க் கறை பிடித்த தலையணைகள், போர்வைகள். பக்கத்து வளவுக் கண்ணகை மட்டும் தன் மகன் யோகராசாவின் பஞ்சு மெத்தையைக் கொடுக்க முன் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டு நின்றாள்.

“வந்தான் எண்டா திருப்பித் தரணும் கா.”

“தருவன் மச்சாள். அவர் உசிரோட இரிக்கணும் எண்டு நானும், அவன் வரணும் எண்டு நீங்களும். ரெண்டு பேரும் வேற எதுக்கு இரிக்கம்?”

வலைக்கு மேல் பாய்களைப் பரப்பினாள். உமி மூட்டைகளுக்கு மேல் போர்வைகளைத் தொங்கவிட்டாள். யோகராசாவின் மெத்தையைக் கதவின் உட்புறத்தில் வைத்து ஆணி அடித்தாள். கடைசி ஆணிக்குச் சுத்தியலை ஓங்கியபோது முந்தின ஆணிகள் எழுப்பிய சத்தம் எழவில்லை. சுத்தியல் பட்டது, ஆணி இறங்கியது, அவ்வளவுதான்.

அன்றைக்கு மத்தியானம் கண்ணகை வேலிக்கு அப்பால் நெல் குத்தினாள். கோணாமலை நித்திரை கொண்டான். திரும்பி வந்ததிலிருந்து அவன் கொண்ட முதல் நித்திரை அது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினான். களைத்த மனிசன், வாயால் மூச்சு விடுகிறான் என்று எண்ணிக்கொண்டு அவளும் பக்கத்தில் தரையில் சரிந்தாள். கிணற்றுக்குள் போட்ட கல்லைப் போலப் போய்விட்டாள். எழும்பியபோது விளக்கு வைக்கிற நேரம். உடம்பு முழுவதும் யாரோ பிழிந்து காயப் போட்டது போல் இலேசாக இருந்தது. அந்தச் சுகத்துக்காக எதையும் கொடுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. இப்படி நினைக்கிறேனே என்று வெட்கமும் வந்தது. ஆனாலும் அடுத்த நாளும் படுத்தாள்.

அறை அமைதியாக இருந்தது. பிறகு அறைக்கு முன்னால் உள்ள நடை. செம்பு விழுந்தது அங்கேதான்.

அதன் பிறகு குசினி. தாளிக்கும்போது கடுகு வெடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. காது வெறுமையாக இருந்தது. புகையின் மணமும் உறைப்பும் மட்டும் முன்னைவிடக் கடுமையாக ஏறின. காதுக்குப் போக வேண்டியதெல்லாம் மூக்குக்கு வந்தது போல. அவள் பொருட்படுத்தவில்லை. குசினியில் சத்தம் இல்லாமல் போனால் யாருக்கு நட்டம்? சட்டியை மெல்ல வைக்கத் தேவையில்லை. நுனிக்காலில் நடக்கத் தேவையில்லை. பிறகொரு நாள் மழை பெய்தது. விறாந்தையின் ஒரு முனையில் நின்றால் ஓட்டில் மழை கொட்டுவது கேட்டது. மற்ற முனைக்கு, அறைப் பக்கம் நடந்தால், ஒரு இடத்தில் கத்தியால் வெட்டிய மாதிரி மழை நின்றது. முற்றத்தில் துளிகள் குத்தித் தெறித்துக்கொண்டிருந்தன. அவள் அந்த இடத்தில் முன்னும் பின்னும் போய்ப் பார்த்தாள். அடுத்த நாள் பார்த்தபோது அந்த இடம் அங்கே இல்லை. விறாந்தை முழுவதும் அடங்கியிருந்தது.

கண்ணகை வந்தாள். மகனுடைய மெத்தையைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று முற்றத்தில் நின்று சொன்னாள். படியேறிய பிறகு அவள் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. கோணாமலை சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தான். கண்ணகை கதவை அரைவாசி சாத்தி, மெத்தையில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு கன்னத்தை வைத்தாள், கடைசியில் காதை வைத்தாள். அப்படியே நின்றாள். அவள் முகத்தில் வந்த சிரிப்பைக் கண்டு அன்னப்பூரணி ஒரு அடி பின்னால் வைத்தாள். பிள்ளை தொட்டிலுக்குள் விழித்திருக்கிறது என்று கண்ட தாயின் சிரிப்பு அது.

வேலிக்கு வெளியே, பேச்சுக் கேட்கிற தூரத்துக்குப் போன பிறகுதான் கண்ணகை சொன்னாள்.

“அது சும்மா கிடக்கல்ல கா. காது குடுத்துக்கொண்டு கிடக்கு.”

“என்ன மச்சாள் சொல்லுறீங்க?”

“வாசல்ல ஆரும் வாறாங்களா எண்டு நான் எத்தின நாள் கேட்டுக்கொண்டு இரிந்தன். அதுவும் என்னோடதானே மூலையில நிண்டது.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “கழட்டிப் போடாத புள்ள. அது தேடுற சத்தம் வருமட்டும் கிடக்கட்டும்.”

அன்னப்பூரணி அன்றைக்கு அறைக்குள் போய் மேலே பார்த்தாள். பாய்கள் வலையில் கனத்துத் தொங்கின. அவள் பரப்பியபோது அவ்வளவு கனம் இருக்கவில்லை. மூட்டைகளும் போர்வைகளும் அறைக்குள் ஒரு சாண் முன்னால் வந்திருந்த மாதிரி, நடுவில் கிடந்த மனிதனை நோக்கிக் குனிந்திருந்த மாதிரி. கோணாமலையின் வாய் திறந்தே இருந்தது. முன்னைவிட அகலமாக. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவன் மேல் போர்வையை இழுத்துவிட்டாள். களைத்த மனிசன்.

முற்றமும் போனது. சேவல் கூரைமேல் ஏறி நின்று கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூடியது. கப்பியில் கயிறு ஓடியது ஊமையாக. அவள் கூப்பிட்ட நாய் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணகையின் வளவுக்குள்ளும் அது இறங்கியிருக்க வேண்டும். கண்ணகையும் கிணற்றடிக்கு வருகிற பெண்களும் கைச்சாடையால் பேசிச் சிரிப்பதை அவள் வேலியால் கண்டாள். அவர்களுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. எத்தனையோ காலமாகப் பயத்தோடு கேட்டுக் கேட்டுப் புண்ணான காதுகள். கொஞ்சம் ஆறட்டுமே.

எதைக் கேட்பதற்காக அந்தக் காதுகள் அப்படித் திறந்து கிடந்தன என்பது ஒரு முற்பகலில்தான் நினைவுக்கு வந்தது.

அக்கரை முகாமிலிருந்து ஷெல் அடித்தால் முதலில் ‘தொம்’ என்று ஒரு சத்தம் வரும். அடி வயிற்றில் குத்துகிற சத்தம். அதற்கும் ஷெல் வந்து விழுவதற்கும் இடையில், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பங்கர்க் குழிக்குள் குதிக்க நேரம் இருந்தது. ஊர் உயிரோடு இருந்தது அந்த இடைவெளியில்தான். அன்றைக்கு அவள் முற்றத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தாள். காலுக்குக் கீழே மண் ஒருமுறை துடித்தது. நிமிர்ந்தாள். ஒழுங்கையின் முடிவில், வயல் தொடங்குகிற இடத்தில், கறுப்பாகப் புகை ஏறிக்கொண்டிருந்தது.

கடைப் பக்கத்திலிருந்து வினாயகமூர்த்தி ஓடி வந்தார். வேலியடிக்கு வந்ததும் அவர் குரல் அறுந்து, வாய் மட்டும் அசைந்தது. அவர் அதைக் கண்டு திகைத்து நின்றார். தொண்டையைப் பிடித்துக்கொண்டார். பின்னுக்குப் போனார். அவள் அவரிடம் போனாள்.

“என்னத்துக்கு ஒருத்தரும் பங்கருக்குப் போகல்ல?” அவருக்கு மூச்சு இளைத்தது. “அங்கால பக்கம் எல்லாரும் உள்ளுக்குள்ள. இஞ்ச கண்ணகை கிணத்தடியில நிண்டு உடுப்புத் தோய்க்காள். ஷெல் குத்தினது கேட்கல்லையா உங்களுக்கு?”

அவள் வீட்டைக் காட்டினாள். அவருக்கு விளங்கவில்லை. மறுபடி அந்த வேலியை நெருங்கிப் பார்க்கவும் அவருக்கு மனமில்லை.

“என்ன மாயமோ எனக்குத் தெரியா. அந்த அறையைப் பிரிச்சுப் போடு தங்கச்சி. இண்டைக்கே பிரிச்சுப் போடு.”

ஓம் என்றாள். ஓம் என்றுதான் திரும்பினாள்.

கதவைத் திறந்து, முதலில் மேலே இருந்த பாயின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். பாய் சூடாக இருந்தது. மனிதர் எழும்பிப்போன சூடு. வலையிலிருந்து அது வரமாட்டேன் என்றது. இரண்டு கையாலும் பற்றித் தொங்கினாள். ஒரு ஓரம் கழன்றது.

அந்த இடைவெளியால் ஒரு சத்தம் வந்தது.

ஊசி நூல் அளவு. எங்கோ தூரத்திலிருந்து வருவது போல. அது அவளுக்குப் பழக்கமான சத்தம். கோணாமலையின் அலறல். அவள் அவனைப் பார்த்தாள். திறந்த வாய். புடைத்த நரம்பு. அவன் ஒரு நாளும் தூங்கவில்லை. இத்தனை நாளும், அவள் பக்கத்தில் கல்லைப் போலக் கிடந்த ஒவ்வொரு மத்தியானமும், அவன் அலறிக்கொண்டுதான் கிடந்தான். அறை அதைக் குடித்துக்கொண்டிருந்தது.

நூல் தடித்தது. கோணாமலையின் காதில் அது பட்டது. தன் குரலே பட்டது. அவன் எழும்பி உட்கார்ந்தான். கண்கள் வாவிப் பக்கம் திரும்பின. கால்கள் பாயைத் தேய்த்தன.

ஓடப் போகிறான்.

அவள் எம்பி, அந்த ஓரத்தைத் திரும்ப வலைக்கு மேல் தள்ளினாள். இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தாள். நூல் அறுந்தது. அவன் மெல்லச் சரிந்து படுத்தான். வாயைத் திறந்துகொண்டான்.

அவள் தரையில் குந்தினாள். கழற்றினால் எல்லாம் ஒன்றாக வெளியே வரும். அவன் ஓடுவான். கழற்றாவிட்டால் கண்ணகை கிணற்றடியில் நிற்பாள். இரண்டையும் மாறி மாறி நினைத்தாள். விறாந்தைத் தூணோடு கட்டி வைத்துவிட்டுக் கழற்றலாம். வினாயகமூர்த்தி அண்ணனைக் கூப்பிட்டு அவனைக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் கொண்டுபோய்விட்டுக் கழற்றலாம். எல்லாம் செய்யலாம். செய்யத்தான் வேண்டும். ஆனால் எழும்ப வேண்டுமே. அறை அவளைச் சுற்றி மெத்தென்று நின்றது. வெளியே ஒன்றும் இல்லை என்று சொல்வது போல் நின்றது. நாளைக்கு, என்று நினைத்தாள். விடியட்டும். தலை தானாகச் சாய்ந்தது. அவனுடைய திறந்த வாய்க்குப் பக்கத்தில், அந்த மூச்சு தன் நெற்றியில் விட்டு விட்டு மோதுவதை உணர்ந்தபடி, அவள் நித்திரையாகிப்போனாள்.

விழித்தபோது கதவிடுக்கால் வெயில் விழுந்திருந்தது. நன்றாக விடிந்திருந்தது. எழும்பிக் கொண்டையை முடிந்துகொண்டு, வினாயகமூர்த்தியைக் கூப்பிடப் போகலாம் என்று பின்பக்கத்தால் வெளியே வந்தாள். வாவியிலிருந்து வழக்கமான சேற்று மணம். வெயில் சாய்வாகத் தண்ணீரில் மினுங்கியது. வேலிக்கு அப்பால் கண்ணகையும் இரண்டு பெண்களும் கிணற்றடியில் நின்றார்கள். ஒரு பிள்ளை உரலுக்குப் பக்கத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. கண்ணகை கயிற்றை இழுத்தாள். வாளி ஆடியது.

கண்டல் மரங்களிலிருந்த கொக்குகள் எல்லாம் ஒன்றாக எழும்பின.

வாவியின் நடுவில் தண்ணீர் எழுந்து நின்றது. வெள்ளையாக, தென்னை உயரத்துக்கு. நின்று, விரிந்து, விழுந்தது. இந்தப் பக்கமாக இன்னொன்று. அதற்கும் இந்தப் பக்கமாக இன்னொன்று. அழகாகக்கூட இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. உள்ளங்கால் மட்டும் துடித்தது.

“மச்சாள்.”

தொண்டை கிழியக் கத்தினாள். காற்று வெளியே போனது. குரல் போகவில்லை.

வேலியைப் பிடித்து உலுப்பினாள். கத்தினாள். வேலி ஆடியது. கிணற்றடிப் பெண்கள் ஏதோ சொல்லித் தோளில் தட்டிக்கொண்டார்கள். கரையோரக் கண்டல் பற்றை வேரோடு மேலே போனது. சேறு மழையாக இறங்கியது. அவள் வாயைத் திறந்தாள். இன்னும் அகலமாகத் திறந்தாள்.

கண்ணகை திரும்பினாள்.

அவளைக் கண்டு சிரித்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்து, காதுக்குப் பின்னால் குவித்து, ஒன்றும் கேட்கவில்லையே கா என்று தலையை ஆட்டிக் காட்டினாள். வாளியைப் படியில் வைத்துவிட்டு, என்னவென்று கேட்க வேலியை நோக்கி மெல்ல நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால், பிள்ளை விளையாடிய இடத்தில், நிலம் கறுப்பாக எழுந்து நின்றது.